கீழே நகரும் சுரம்

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அது விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அடுத்த தந்தி 55, அதற்கடுத்தவை 73, 98. மனிதக் காதின் கீழெல்லை 20 என்பார்கள். நம் செவிப்புலனின் தரைக்குச் சற்று மேலேதான் அந்த முதல் தந்தி நடமாடுகிறது. அதன் ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் அதிகம். திருவேங்கடத்தில் நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்குள் அந்த ஒரு அலை முழுதாக அடங்காது.

எங்கள் பக்கத்தில் பாட்டு என்பது பல காலம் கூம்புக் குழாயிலிருந்து வந்தது. கொடை, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் மைக்செட்காரர் விடியுமுன்னே வந்து வேப்பமரத்திலோ மொட்டைமாடியிலோ குழாய் கட்டிவிடுவார். கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவர்களுக்கும் அந்தப் பாட்டு கேட்கும். குழாயின் பலம் அது. மேல்ஸ்தாயியை மைல் கணக்கில் கொண்டுபோகும். ஆனால் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள எதையும் அதனால் ஒலிக்க முடியாது. அப்படியானால் இளையராஜாவின் பாடல்களை ஊரெல்லாம் மனப்பாடமாக அறிந்த ஒரு தலைமுறை, அவற்றின் கீழ்ப்பாதியைக் கேட்காமலேதான் வளர்ந்திருக்கிறது.

முற்றிலும் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அடிச்சுரம் வராவிட்டாலும் மேல்மடங்குகளில் சில குழாய் வழியே வந்துவிடும். அந்த மடங்குகளுக்கிடையே உள்ள ஒழுங்கை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்ளும். ஒலியியலில் நன்றாக நிறுவப்பட்ட உண்மை இது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இன்று பாட்டு கேட்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. வேப்பமரத்துக் குழாயில் நாங்கள் கேட்ட பேஸ், பாதி வாசித்தவருடையது, மீதி எங்களுடையது.

சென்னையில் ஓர் இசைக் கல்லூரி கோடையில் நடத்தும் குறுகிய பேஸ் கிட்டார் பயிலரங்கில் நான் சேர்ந்ததற்கு இந்தப் பாதியைத் தேடிப் போனதே காரணம். மே மாதம் பள்ளி விடுமுறை. சங்கரன்கோவிலில் பொதிகை ரயில் ஏறினால் விடியலில் எழும்பூர். சென்னையில் மேற்கத்திய இசையை முறையாகக் கற்க இப்போது இடங்கள் இருக்கின்றன. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி அவற்றில் பெயர்பெற்றது. நான் போனது அதைவிடச் சிறிய இடம். ஒரு தெருவின் முதல் மாடி, பஞ்சு ஒட்டிய சுவர்கள், ஒரு டிரம் செட், சில ஆம்ப்ளிஃபயர்கள். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வயதினர். பெண்களும் இருந்தார்கள்.

முதல் வகுப்பில் சுரமே சொல்லித் தரவில்லை. வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும், கட்டைவிரல் பிக்கப்பின் மேல் ஊன்றியிருக்க வேண்டும் என்று காட்டிவிட்டு ஆசிரியர் ஒரே ஒரு சுரத்தை வாசிக்கச் சொன்னார். டிரம் இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மீட்டினோம். என் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், அடிக்கிறது சரியா இருக்கு. எப்ப நிறுத்துறீங்கன்னு மட்டும் கவனிங்க.”

அந்த வகுப்பு முழுவதும் நிறுத்துவதைப் பற்றித்தான் படித்தோம். பேஸின் தந்தி கனமானது. மீட்டிவிட்டு விட்டால் பல விநாடிகள் தன்பாட்டில் அதிர்ந்துகொண்டிருக்கும். அடுத்த சுரம் வரும்போது முந்தையது இன்னும் கரையாமல் கிடந்தால் இரண்டும் சேர்ந்து கலங்கிவிடும். ஆகவே இடக்கையின் வேலையில் பெரும்பகுதி அழுத்துவது அல்ல, தந்தியைத் தொட்டபடியே அழுத்தத்தை மட்டும் தளர்த்துவது. அதே சுரம், அதே காலப்பிரமாணம். சுரத்தைச் சட்டென்று நறுக்கினால் பாட்டு ஓடத் தவிக்கிறது. கிக் டிரம் விழும் இடத்திலிருந்து ஸ்னேர் விழும் இடம் வரை நீட்டிச் சரியாக அங்கே விட்டால் பாட்டு அகன்று நடக்கிறது. அதையும் தாண்டி நீட்டினால் படுத்துவிடுகிறது. மெட்ரோனோமை 40க்கு இறக்கி, அந்தச் சொடுக்கை இரண்டாம் நான்காம் தட்டுகளாகப் பாவித்து, ஒன்றையும் மூன்றையும் நாமே மனத்துக்குள் வைத்துக்கொண்டு வாசிக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வேகமாக வாசிப்பதைவிட அது பல மடங்கு கடினம். தாளம் வெளியிலிருந்து வருவது நின்று, உடம்புக்குள் எங்கோ ஊன்றிக்கொள்ளும் வரை கை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருந்தான். அவனுக்கு இதெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக வந்தது. எப்படி என்று கேட்டேன். “எங்க தாத்தா கொயர்ல பேஸ் பாடுவாவ அண்ணாச்சி. வீட்ல முணுமுணுக்கதும் அதத்தான். நான் ரொம்ப நாளா அதுதான் பாட்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றான். எனக்கு இது பெரிய செய்தி. திருநெல்வேலிச் சீமையின் தேவாலயங்களில் பாமாலைகளை நான்கு குரல்களாகப் பிரித்துப் பாடும் வழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. டோனிக் சோல்ஃபா எழுத்துமுறையில் எழுதிவைத்து, ஸ்டாஃப் நொட்டேஷனை அறியாத விவசாயிகளும் ஆசிரியர்களும் பனையேறிகளும் தங்கள் தங்கள் குரலைப் படித்துப் பாடினார்கள். கீழ்க்குரல் மேற்குரலோடு ஒட்டாமல் தனி வழியில் நடக்கும் இசை, எங்கள் கரிசலிலிருந்து கொஞ்ச தூரத்தில் தேரிக்காட்டு ஊர்களில் ஞாயிறுதோறும் ஒலித்திருக்கிறது.

நம் மரபில் கீழே என்ன இருந்தது? ஒத்து இருந்தது. நாதசுரக் குழுவில் ஒத்து ஊதுபவர் ஆதார சட்ஜத்தை மட்டும், மூச்சு அறாமல், கச்சேரி முடியும்வரை ஊதுவார். ஊதிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை உள்ளே இழுக்கும் வித்தை அது. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதியவர்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இப்போது அந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ஒத்தைத் தவிர, தாளக் கருவிகளின் இடப்பக்கம் இருந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை அப்பி நாதத்தைக் கீழே இறக்குவார்கள். மணிக்கட்டால் அழுத்தி அந்த நாதத்தை வளைத்து எடுப்பதைக் கும்கி என்பார்கள். வில்லுப்பாட்டில் குடத்தின் வாயைத் தட்டும்போது எழும் கனத்த ஒலியும் இந்த வகைதான். கீழே ஒலி இருந்தது. ஆனால் அது நின்ற இடத்தில் நின்றது, அல்லது தாளத்தோடு நின்றது. சுரத்திலிருந்து சுரத்துக்கு நடக்கவில்லை.

பயிலரங்கில் எனக்கு எல்லாம் மாறிய வகுப்பு இதைப் பற்றியது. ஆசிரியர் கீபோர்டில் சி, ஈ, ஜி என்ற மூன்று சுரங்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்னைக் கீழே சி வாசிக்கச் சொன்னார். தெளிவான, வெயில் அடித்த மாதிரியான சி மேஜர். பிறகு ஏ வாசிக்கச் சொன்னார். அவர் கையை அசைக்கவே இல்லை. ஆனால் அறையின் குணமே மாறிவிட்டது. சி மேஜராக இருந்தது ஏ மைனர் செவன்த் ஆகிவிட்டது. எஃப் வாசித்தேன், மறுபடி வேறொன்று. மேலே மூன்று விரல்கள் ஒரே இடத்தில் இருக்க, கீழே ஒருவர் ஓரடி நகர்ந்ததும் மேலே உள்ள எல்லாவற்றின் பொருளும் மாறுகிறது.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பக்கத்தில் ஒன்று தெரியும். மோகனத்தின் ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஆதாரமாக்கினால் மத்தியமாவதி. காந்தாரத்தை ஆதாரமாக்கினால் இந்தோளம். பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் சுத்த சாவேரி. கிரகபேதம். கச்சேரியில் வித்துவான்கள் அபூர்வமாக, கவனமாகச் செய்து காட்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வருவார்கள். அப்போதும் தம்புரா அசையாது. பாடகர்தான் அசைந்ததாகப் பாவனை செய்வார். பேஸ் வாசிப்பவருக்கு அந்த அதிகாரம் அட்சரத்துக்கு அட்சரம் கையில் இருக்கிறது. மேலே பாடுபவர் தன் வழியிலேயே போய்க்கொண்டிருக்க, அவர் நிற்கும் நிலத்தை இவர் மாற்றிக்கொண்டே வரலாம்.

பேஸை அடித்தளம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த உவமை எனக்கு நிறைவு தரவில்லை. கரிசலில் வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தை ஆழத் தோண்டுவது மண் அசையும் என்பதால்தான். மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் அது. வீட்டுக்கு அந்த அசைவு கேடு. பேஸில் அந்த அசைவே வேலை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இளையராஜாவிடம் திரும்பினேன். பண்ணைப்புரத்தில் பிறந்து, தெம்மாங்கும் மேடைப்பாட்டும் கேட்டு வளர்ந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, பிறர் குழுக்களில் கிட்டார் வாசித்து, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு வந்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தாமே ஸ்டாஃப் நொட்டேஷனில் எழுதிக் கொடுப்பவர். ஒத்தைப் போல அசையாத ஆதாரத்தின் மேல் வளர்ந்த ராகங்களுக்கு அடியில் அவர் நகரும் கீழ்க்குரலை வைத்தார். இதில் பெரிய ஆபத்து உண்டு. ராகத்தின் அடியில் மேற்கத்திய கார்டுகளை அப்படியே அடுக்கினால் ராகம் மூச்சுத் திணறிப் போகும். அப்படிப்பட்ட பாடல்கள் தமிழ்த் திரையில் ஏராளம். அவர் பெரும்பாலும் கார்டை நெருக்கி அடைக்காமல், பேஸைத் தனி ஒரு பாட்டாக நடக்கவிட்டு, இரண்டுக்கும் நடுவில் காற்றோட விட்டார். ஐரோப்பிய இசைமேதை பாக்கிடம் அவர் கற்றது இதைத்தான் என்று நினைக்கிறேன். 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பில் தியாகராஜரையும் பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது அவர் வெளிப்படையாகச் சொன்னதை, திரைப்பாடல்களில் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்.

பயிலரங்கு நாட்களில் இரவு விடுதியில் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘பனிவிழும் மலர்வனம்’ கேட்டேன். ‘நினைவெல்லாம் நித்யா’, 1982. சலநாட்டையில் அமைந்த பாட்டு. சொற்களை விட்டுவிட்டேன், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலையும் விட்டுவிட்டேன், அது எளிதல்ல. கீழே மட்டும் காதை வைத்தபோது அங்கே ஒருவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். குரல் நீட்டும் இடத்தில் அவர் பேசுகிறார். குரல் பேசும் இடத்தில் விலகி நிற்கிறார். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பாட்டு நெஞ்சில் ஏற்படுத்திய அசைவுக்கு நான் குரலைத்தான் காரணமாக நினைத்திருந்தேன். அவ்வளவும் குரல் செய்தது அல்ல.

ராஜாவின் குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். இந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். கேசட்டின் உள்தாளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள் பெயர்கள் இருக்கும், வாசித்தவர்கள் இருக்கமாட்டார்கள். ரகுமானின் தொகுப்புகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடும் பழக்கம் வந்தபோதுதான் கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரின் பெயர் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியவந்தது. இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்காக 1960களில் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தவர். உலகமெங்கும் வானொலியில் அவர் விரல் ஒலித்தது. தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. மார்வின் கே 1971இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அவர் பெயர் அச்சேறியது. பேஸ் கிட்டார் கற்கும் எவரும் இன்று முதலில் படிப்பது அவர் வாசித்தவற்றைத்தான்.

இந்த வாத்தியத்தின் பிறப்பிலும் எங்கள் மைக்செட்காரர்களுக்கு நெருக்கமான ஒருவர் இருக்கிறார். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைக்கு வரும் வாத்தியக்காரர்களின் சிரமங்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது கடினம். டிரம்முக்கும் மின்கிட்டாருக்கும் நடுவில் அது கேட்பதும் இல்லை. 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், 34 அங்குலத் தந்தி நீளமும் ஃப்ரெட்டுகளும் கொண்ட கட்டைக் கருவி, இரண்டு சிரமத்தையும் தீர்த்தது. அதற்கு முன்பும் இத்தகைய முயற்சிகள் நடந்ததுண்டு, நிலைத்தது இது.

அயல் வாத்தியம் நமக்கெதற்கு என்று ஊரில் ஒருவர் கேட்டார். அன்போடுதான் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் இருந்தபோது ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி. பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தவர். ஐரோப்பியரின் அந்த வாத்தியம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரிசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலேயே ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டபோது, கமகங்களைக் குறிக்கத் தனிக் குறியீடுகளையும் வகுத்துத் தந்தார். புதிய கருவியையும் புதிய எழுத்துமுறையையும் கண்டு இந்த மண் பயந்ததில்லை.

இப்போது எங்கள் பக்கத் திருவிழாக்களில் குழாய் குறைந்து பெட்டி ஒலிபெருக்கிகள் வந்துவிட்டன. ஆளுயரத்துக்கு அடுக்கி வைக்கிறார்கள். கதவு அதிர்கிறது, நெஞ்சு அதிர்கிறது. கீழொலி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட முடியவில்லை. வருவது அடி, சுரம் அல்ல. எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி முழங்கும் அந்த அதிர்வில், சசிதரன் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்குப் போனார் என்பது குழாயில் கேட்டதைவிடவும் மறைந்துவிடுகிறது. மெல்லிசைக் குழுக்களிலோ பேஸ் கிட்டார்காரரைக் காண்பது அரிதாகிவிட்டது. கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை அந்த வேலையைச் செய்கிறது. ஓர் ஆளின் சம்பளம் மிச்சம். குழு நடத்துபவரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் வலக்கையில் பாட்டை வாசித்துக்கொண்டே இடக்கையில் எழும் பேஸ் பாட்டுக்கு எதிர்ப்பேச்சு பேசுவது அரிது. ஒரே தலைக்குள் இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலும் கார்டின் முதல் சுரத்தைத் தட்டிவிட்டு மேலே ஓடவேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லித் தருகிறார்கள். நல்ல பள்ளி, நல்ல பாடங்கள். அவற்றில் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. கோடையில் ஒரு குறுகிய பயிலரங்கு, சென்னையில் நான் படித்ததைப் போல, அங்கே நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதற்கு வேண்டியவை சில கருவிகள், ஓர் ஆம்ப்ளிஃபயர், வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர். சங்கரன்கோவிலிலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். சென்னையில் தங்கிப் படிக்கும் செலவு எல்லா வீட்டுக்கும் கட்டாது.

அப்படி நடந்தால் தவில், மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளை முதலில் அழைக்க வேண்டும் என்பேன். கிட்டார் படித்தவர்கள் பாட்டின் மெட்டை விரலில் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கே இடம் கிடைத்தாலும் அதை வாசிக்கத் துடிப்பார்கள். பயிலரங்கில் அதை நிறையப் பார்த்தேன். தாளம் படித்த பிள்ளைக்கோ ஒரு அடியின் நீளம் தெரியும், விட்ட இடத்தின் கனம் தெரியும், பிறர் பாடும்போது எப்படிக் காத்திருப்பது என்று தெரியும். தொப்பியில் கும்கி எடுக்கப் பழகிய கைக்கு, ஒலியை எழுப்பிய பிறகும் அதன் மேல் வேலை இருக்கிறது என்பது தெரியும். அவர்களுக்குச் சுரங்கள் நான்கு தந்தியில் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். அதை ஒரு கோடையில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.